கெம்பே கௌடர் சிலையடியில் ஒரு ஞாயிறு

பெங்களூரில் வாழும் தமிழன்பர்களுள் ஹட்சன் வட்டத்தின் வழியாக ஒருமுறையேனும் செல்லாதவர் இரார். நிருபதுங்கர் சாலையும் கஸ்தூர்பா சாலையும் வந்து கூடும் அவ்விடத்தில், நெடுங்காலம் மாநகராட்சியின் தலைமை அலுவலகமாக விளங்கிய கட்டடத்தின் முன்னே, உடைவாளோடு நின்ற கோலத்தில் ஒரு சிலை உண்டு. 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1537-இல் இந்நகரை வகுத்துக் கட்டிய எலகங்கா நாட்டுத் தலைவர் கெம்பே கௌடரின் திருவுருவம் அது. பேருந்தின் சன்னல் வழியே அதனை ஒரு நொடி பார்த்துவிட்டு, இறங்குமிடம் வந்துவிட்டதா என்று கழுத்தை நீட்டுவதே நம்மனோர் வழக்கம். நாமும் முப்பதாண்டுகளுக்கு மேலாக அவ்வாறே செய்துவந்தோம்.

சென்ற திங்கள் நம் மகளின் பள்ளியில் கன்னட ஆசிரியை, கெம்பே கௌடரைப் பற்றிப் பத்து வரிகள் எழுதி வரும்படி பணித்தார். ஆறாம் வகுப்பில் பயிலும் பெண். கன்னடத்தை நம்மினும் நன்றாக எழுதுகிறாள். ஆதலின் அவள் நம்மிடம் எழுத உதவி கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அப்பா, கெம்பே கௌடர் நம்மவரா, அவர்களவரா?"

உடனே விடை சொல்ல நாவெழவில்லை. ஏனெனில் நம் தந்தையார் இத்தகைய கேள்வியை நம் வாயில் வரவிட்டதே இல்லை. அவர் ஆம்பூர்ப் பக்கத்துப் பாலாற்றங்கரைச் சிற்றூரிலிருந்து வந்து, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தவர். "ஊர் அவர்களுடையது, நாம் வேலை பார்க்க வந்தவர்கள். தலையைக் குனிந்து போ, தலையைக் குனிந்து வா" என்பது அவர் எங்களுக்குச் சொல்லி வைத்த பாடம். 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரியை முன்னிட்டு எழுந்த கலவரத்தின்போது நமக்கு மூன்று வயது. இரண்டு இரவுகள் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் நம் குடும்பத்தைத் தம் சமையலறையில் வைத்துக் காத்தார் என்று நம் அன்னையார் இன்றும் சொல்லுவார். தந்தையாரோ அந்த இரண்டு இரவுகளைப் பற்றிக் கடைசிவரை பேசியதில்லை. குனிந்த தலை பின்னர் நிமிரவும் இல்லை. அவர் பாடத்தையே நம் மகளுக்கும் ஒப்பிக்க மனம் வரவில்லை. "வா, அவரையே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றோம்.

அடுத்த ஞாயிறு காலை, அன்னையார், இல்லத்தார், மகள் ஆகியோருடன் கிருஷ்ணராஜபுரத்தில் வண்டியேறி நகர நிலையத்தில் இறங்கினோம். இப்போது அந்நிலையம் சங்கொள்ளி ராயண்ணர் பெயரைத் தாங்கியுள்ளது. எதிரே உள்ள பேருந்து நிலையத்திற்குக் கெம்பே கௌடர் பெயர். அதன் கீழே ஓடும் மெட்ரோ நிலையத்திற்கும் அவர் பெயரே. ஆயினும் மக்கள் நாவில் அது என்றும் 'மெஜஸ்டிக்' தான். பழைய திரைப்படக் கொட்டகை ஒன்று நகரத் தந்தையை வென்று நிற்கிறது.

அந்தப் பேருந்து நிலையம் அமைந்துள்ள நிலம் ஒருகாலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரி. இதனை நம் மகளிடம் சொன்னபோது, அவள் காலடியில் தண்ணீரைத் தேடுகிறவள்போல் தரையைப் பார்த்தாள். கெம்பே கௌடரைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் ஏரியிலிருந்து தொடங்குவதே முறை. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு நிலத்தின் முதுகில் அமர்ந்திருக்கிறது. பேராறு எதுவும் ஊரை ஒட்டிப் பாயவில்லை. பெய்கிற மழை நாற்புறச் சரிவுகளிலும் வழிந்தோடிவிடும். அவ்வாறு ஓடும் நீரைச் சரிவுகளில் கரைகட்டித் தடுத்து, ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கீழேயுள்ள அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு செய்தாலன்றி இங்கே ஊர் நில்லாது. கோட்டைச் சுவரும் கடைவீதியும் எழுந்தபோதே தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி முதலிய ஏரிகளும் அவர் பெயரோடு சேர்ந்து எழுந்தமைக்கு இதுவே காரணம்.

அவற்றுள் கெம்பாம்புதி இன்றும் கவிபுரத்தின் அருகே இருக்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாகிவிட்டது. கரகத் திருவிழாச் சடங்கிற்காக ஒரு சிறு குளம் மட்டும் அதில் எஞ்சியிருக்கிறது. தர்மாம்புதியின்மேல் நாம் நின்றுகொண்டிருந்தோம். ஏரிகளைத் தூர்த்த நகருக்குத் தாகம் அடங்குமா? 1974-ஆம் ஆண்டு முதல் காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டின்மேல் எந்திரங்களால் ஏற்றிக் கொணர்கின்றனர். அந்தக் காவிரிக்காகத்தான் 1991-லும் 2016-லும் நம்மவர்கள் கதவடைத்து நடுங்கினர். தம் ஏரிகளை நம்பியே ஊரை வகுத்த பெரியவர், இந்தக் கணக்கை எவ்வாறு நோக்குவாரோ! இதனை நாம் வாய்விட்டுச் சொன்னபோது நம் இல்லத்தார், "ஏங்க, ஞாயிற்றுக்கிழமையும் கலவரம்தானா?" என்று கடிந்துகொண்டார். பேருந்தேறினோம்.

சிலையடிக்கு வந்து நின்றபோது காலை பத்து மணி. வாரநாட்களில் வரிகட்டவும் பிறப்புச் சான்று வாங்கவும் வருவோர் நெருக்கும் அவ்விடத்தில் அன்று ஆளரவம் குறைவு. நாம் இதுகாறும் சன்னல் வழியே கண்டதெல்லாம் தோளும் தலையுமே. அருகிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அவர் நம்மைப் பார்க்கவில்லை, நம் தலைக்கு மேலாக ஊரைப் பார்க்கிறார் என்பது விளங்குகிறது. மகள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பீடத்தின் எதிரே அமர்ந்தாள்.

அவளுக்கு நாம் சொன்னவற்றை இங்கே சுருக்கித் தருகிறோம். நாம் படித்தது பத்தாம் வகுப்புவரை. நூலகத்தில் கிடைத்தவற்றையும், உடன் பணிபுரியும் கன்னட அன்பர்கள் சொன்னவற்றையும் கொண்டே பேசுகிறோம்.

கெம்பே கௌடர் 1510-இல் பிறந்து 1569-இல் மறைந்தவர். விசயநகரப் பேரரசுக்கு அடங்கிய நாடாள்வார். பேரரசர் அச்சுத தேவராயர் அவருக்கு அல்சூர், பேகூர், வர்த்தூர், கெங்கேரி முதலாய ஊர்களை, 30,000 வராகன் வருவாயோடு அளித்தார் என்பர். பின்னர்ப் பேரரசின் இசைவின்றித் தாமே நாணயம் அடித்தமையால் ஆனேகுந்தியில் ஐந்தாண்டு சிறையிருந்தார் என்றும் கூறுவர். இதைக் கேட்டு நம் மகள் திடுக்கிட்டாள். சிலையாக நிற்பவர் சிறைக்கும் போவாரா என்பது அவள் ஐயம். "பயணச்சீட்டை அப்பா வீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தால் இரயில்வே சும்மா விடுமா? அதுபோலத்தான்" என்றதும் தெளிந்தாள்.

'பெங்களூர்' என்னும் பெயரை அவரே இட்டார் என்று கருதுவோர் உளர். அது சரியன்று. பேகூர் நாகநாதேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரக்கல்லிலேயே 'பெங்களூரு' என்னும் பெயர் காணப்படுகிறது. முயல் நாயைத் துரத்திய இடத்தில் ஊர் கட்டினார் என்பதும் கதை. அந்த முயல் நம் நாட்டில் எத்தனையோ கோட்டைகளைக் கட்டிவிட்டது, அதனை விட்டுவிடுவோம்.

அவர் வழிவந்தோர் 1638-இல் பீசப்பூர்ப் படையிடம் நகரை இழந்து மாகடிக்குச் சென்றனர். அவர் தொடங்கிய நகரம் மராத்தியர், மொகலாயர், மைசூர் மன்னர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறியது. அவருக்கு உலோகத்தில் உருவமைத்த முதல் இடம் நகரமன்று. சிவகங்கை மலையில் கங்காதரேசுவரர் திருக்கோயிலில் 1609-ஆம் ஆண்டிலேயே அவர் உருவம் வைக்கப்பெற்றது. நகரத்துச் சிலைக்கு 355 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மூன்றாவதாக, 2022 நவம்பர் 11 அன்று விமான நிலையத்தில் 108 அடி உயர வெண்கலச் சிலை திறக்கப்பெற்றது. ராம் சுதார் என்னும் சிற்பியார் வடித்தது. வாள் மட்டுமே 4 டன். அதனையும் கண்டிருக்கிறோம். வியப்பாகத்தான் இருக்கிறது. எனினும் வானூர்தி ஏறுவோர்க்கு அது; பேருந்தில் போவோர்க்கு இது. நமக்கு இதுவே அணுக்கம்.

இனி, நம் மகளின் கேள்விக்கு வருவோம்.

லூயிஸ் ரைஸ் என்பார் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த மைசூர்க் கெசட்டியரில், இக்குலத்தாரின் பூர்வீகம் குறித்து ஒரு மரபுவழிச் செய்தி காணப்படுகிறது. காஞ்சியைச் சார்ந்த பகுதியில் மொரசு ஒக்கலிகர் என்னும் உழவர் குடியினர் வாழ்ந்தனர். அவர்களுள் தலைவரான ரண பைரே கௌடருக்குத் தொட்டம்மா என்றொரு மகள். வலிமை மிக்க ஒருவன் அவளைத் தனக்கு மணமுடித்துத் தரும்படி நெருக்கினான். கொடுக்க மனமில்லை, மறுக்க வலியில்லை. ஏழு குடும்பத்தினர் வண்டிகளைப் பூட்டிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்டனர். பின்னே துரத்தி வருகின்றனர். முன்னே பாலாறு கரைபுரண்டு ஓடுகிறது. அந்தப் பெண் கங்கையை வேண்டித் தன் காதணியைக் கழற்றி வெள்ளத்தில் இட்டாள். ஆறு பிளந்து வழிவிட்டது. அவ்வாறு தப்பியவர்கள் நந்தி மலைக்கருகே ஆவதி என்னும் இடத்தில் வண்டிகளை அவிழ்த்தனர். அவர்கள் கிளைகள் தேவனஹள்ளி, எலகங்கா என்று பரவின. எலகங்காக் கிளையில் பிறந்தவரே சிலையாக நிற்கும் கெம்பே கௌடர்.

பாலாறு என்ற சொல் காதில் விழுந்ததும், அதுவரை நிழலில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நம் அன்னையார் நிமிர்ந்தார்.

"எந்த இடத்தில் கடந்தார்களாம்?"

தெரியாது என்றோம்.

"நானும் உங்கள் அப்பாவும் கலியாணமான மறுமாதம் அந்த ஆற்றை நடந்தே கடந்து வந்தோம். மணல்தான், தண்ணீர் இல்லை. தலையில் ஒரு டிரங்குப் பெட்டி. அந்தப் பெண்ணாவது காதணியை ஆற்றில் போட்டாள். நான் ஆம்பூர்ச் சேட்டுக் கடையில் வைத்துவிட்டு வந்தேன்" என்றார்.

நாம் இதனை அன்றுதான் முதன்முதல் கேட்டோம். வந்த கதையைத் தந்தையார் எப்போதும் சோலார்ப்பேட்டையில் வண்டியேறியதிலிருந்தே தொடங்குவார். அதற்கு முந்தியது எதுவும் அவர் வாயில் வந்ததில்லை. நம் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஆயா, அப்புறம் கம்மலை மீட்டீர்களா?" என்று கேட்டாள். அன்னையார் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

இவ்விடத்தில் அன்பர்கள் சிலர், "ஆகவே கெம்பே கௌடர் தமிழரே" என்று முடிவு கட்டி மேடையேறிவிடக் கூடும். வேண்டா என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். அந்த மரபுச் செய்தி மொழியைப் பற்றியதன்று. வண்டி கட்டிக்கொண்டு வந்ததைப் பற்றியது. அவர்கள் இம்மண்ணில் உழுது, இம்மண்ணின் மொழியில் கலந்து, இம்மண்ணுக்குத் தலைவராயினர். கன்னட மக்கள் அவரைத் தம்மவர் என்று போற்றுவதில் நமக்குப் பங்கம் யாதுமில்லை. அவர் யாருடைய பேரர் என்று வழக்காடப் புகுந்தால், இந்த வட்டத்தில் இன்னொரு கலவரம்தான் மிஞ்சும். சிலைகளால் மனக்கசப்பு வந்ததை நாம் அறியாதவர்களா? அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பெற்றது. நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. கோணி சுற்றிய அந்த உருவத்தைக் கடந்துதான் நாம் பள்ளிக்குப் போய் வந்தோம்.

சிலையடியினின்றும் புறப்பட்டுக் கெம்பே கௌடர் சாலை வழியே நடந்து, மைசூர் வங்கி வட்டத்தில் திரும்பி அவென்யூ சாலைக்குள் நுழைந்தோம். பழைய தொட்டப்பேட்டை இதுவே. சிக்கப்பேட்டைத் தெரு இதனை வெட்டும் சந்தியில் நான்கு ஏர்களை நிறுத்தி, நான்கு திசைக்கும் எருதுகளை ஓட்டி, அவை கீறிய கோடுகளையே நகரின் முதல் தெருக்களாகக் கெம்பே கௌடர் வகுத்தார் என்பது வழக்கு. அல்சூர், எலகங்கா, ஆனேக்கல், சொண்டேகொப்பா என்னும் ஊர்களை நோக்கி நான்கு வாயில்கள் இருந்தன. அரசமரபுக் கதையாயினும் இதனை நம்பத் தோன்றுகிறது. ஏனெனில் அந்தச் சந்தியில் நின்று பார்த்தால் நான்கு தெருக்களும் ஏருழவனின் கைநடுக்கத்தோடு சற்றே வளைந்துதான் செல்கின்றன!

உழுதபின் அவர் செய்தது இன்னும் நுட்பமானது. தொழிலுக்கொரு பேட்டை. அரிசிக்கு அக்கிப்பேட்டை, பருத்திக்கு அரளேப்பேட்டை, வளையலுக்கு பளேப்பேட்டை, குயவர்க்குக் கும்பாரப்பேட்டை, கேழ்வரகுக்கு ராகிப்பேட்டை. வேற்றூர்க் கைவினைஞரும் வணிகரும் வந்து தங்க இடம் காட்டிய ஏற்பாடு இது. திகளரப்பேட்டை என்று ஒன்றும் உண்டு. கன்னடத்தில் 'திகளர்' என்பது முன்பு தமிழரைக் குறித்த சொல். தோட்டப்பயிர் செய்யும் அச்சமூகத்தார்தாம் இன்றும் சித்திரைப் பௌர்ணமியன்று தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் எடுக்கின்றனர். நகரின் தலையாய திருவிழா அது; வழியில் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று செல்லும்.

அவென்யூ சாலையில் பழைய புத்தகக் கடைகளைக் கண்டதும் மகள் அகப்பட்டுக்கொண்டாள். அரைமணி நேரம் போயிற்று. தெற்கு முனையை அடைந்தபோது அன்னையாருக்கு இலட்சுமம்மாவின் கதையைச் சொன்னோம். கோட்டையின் தென்வாயில் கட்டக் கட்டச் சரிந்ததாம். கருவுற்ற பெண்ணொருத்தியைப் பலியிட்டாலன்றி நில்லாதென்றனராம். கெம்பே கௌடர் அதற்கு இசையவில்லை. அவர் மருமகள் இலட்சுமம்மா ஒருவரும் அறியாமல் இரவில் சென்று தன்னையே பலியிட்டுக்கொண்டாள் என்பது கதை. கோரமங்கலத்தில் அவள் நினைவிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்ட அன்னையார், "இத்தனை பேட்டை வைத்தாரே, மருமகள் பேரில் ஒரு பேட்டை வைக்கவில்லையா?" என்றார். நம் இல்லத்தார் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் மணிகாட்டியைப் பார்த்தோம்.

மாலையில் லால்பாக் சென்றோம். தோட்டத்தை 1760-இல் ஐதர் அலி தொடங்கினார். ஆனால் நாம் சென்றது மலர்களைக் காணவன்று. அங்குள்ள பாறைக் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழைமையது என்பர் மண்ணூலார். அதன் உச்சியில் சிறு மண்டபம்போல் ஒரு கோபுரம். கெம்பே கௌடருக்குப் பின்வந்த இரண்டாம் கெம்பே கௌடர் அமைத்த நான்கு காவற்கோபுரங்களுள் ஒன்று. ஏனைய மூன்றும் அல்சூர் ஏரி, கெம்பாம்புதி ஏரி, மேக்ரி வட்டம் ஆகியவற்றின் அருகே உள்ளன. நகரம் இந்நான்கு கோபுரங்களைத் தாண்டி வளருமாயின் அதற்குக் கேடு வரும் என்று முன்னோர் கூறியதாக ஒரு பேச்சு உண்டு.

பாறையின்மேல் குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்ந்திருந்தனர். தமிழும் தெலுங்கும் இந்தியும் கன்னடமும் காற்றில் கலந்து வந்தன. எத்திசை நோக்கினும் கட்டடங்கள்; கோபுரத்தின் எல்லை எங்கே முடிந்தது என்று சொல்லவே இயலாது. மகள் கிழக்கே கைநீட்டி, "நம் வீடு கோபுரத்துக்கு உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டாள்.

"வெளியே. அல்சூர்க் கோபுரத்தையும் தாண்டி வெகு தூரம்" என்றோம்.

"அப்படியானால் கேடு நம்மால் வந்ததா?"

"நம்மால் மட்டும் இல்லை. விமான நிலையத்தில் நிற்கும் அவருடைய பெரிய சிலையே கோபுரங்களுக்கு வெளியேதான் இருக்கிறது" என்றார் நம் இல்லத்தார். அந்த விடை நமக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

இருட்டுவதற்குள் மகள் பத்து வரிகளையும் முடித்துவிட்டாள். நமக்குப் படித்துக் காட்டினாள். பிறந்த ஆண்டு, ஏரிகள், பேட்டைகள் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. ஒன்பதாம் வரி, அவர் முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தனர் என்பது. பத்தாம் வரி, என் தாத்தாவும் பாட்டியும் அதே பாலாற்றைக் கடந்து இரயிலில் வந்தனர் என்பது. இரண்டாவதை ஆசிரியை அடித்துவிடுவாரோ என்று நமக்குள் ஓர் அச்சம் எழுந்தது. தந்தையார் குரல் காதில் ஒலித்தது. "இதை எடுத்துவிடு" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டோம். குறிப்பேடு பள்ளிக்குப் போயிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.

ஆவதியைப் பார்த்தே தீரவேண்டும் என்று அன்னையார் பிடிவாதமாக இருக்கிறார். எலகங்காவிலிருந்து சிக்கபல்லாபூர் செல்லும் தடத்தில் தேவனஹள்ளியைக் கடந்தால் ஆவதிஹள்ளி என்றே ஒரு சிறு நிலையம் உண்டு. வண்டிகள் சில, விரைவு வண்டி நில்லாது. வருகின்ற திங்களின் முதல் ஞாயிற்றில் செல்ல எண்ணியுள்ளோம். உடன்வர விழையும் அன்பர்கள் அன்று காலை எலகங்கா நிலையத்தின் சீட்டுச் சாளரத்தருகே நம்மைக் காணலாம். புளியோதரை அன்னையார் பொறுப்பு. தண்ணீர் மட்டும் அவரவர் கொண்டுவருக.